பார்க்கக் கிடந்த இரண்டு வள்ளங்கள்

பத்தொன்பது வருசமாக என்னோடு ஒரு சொல் பேசாத என் தங்கச்சி, ஒரு சனிக்கிழமை காலையில் போன் எடுத்தாள். சுகம் கேட்கவில்லை. சின்னண்ணை என்று கூப்பிடவும் இல்லை.

"பெரியண்ணைக்கு ஏலாது. உங்களை ஒருக்கா வரட்டாம்," என்றாள்.

"என்ன வருத்தம்?"

"ஈரலில. டொக்டர் கைவிட்டிட்டார். வாறதெண்டால் கெதியா வாங்கோ."

வைத்துவிட்டாள். நான் சிட்னியில் கிரவீனில் இருக்கிறேன். அவர்கள் இருவரும் மெல்பேர்னில் கிரான்பர்னில், ஒரே வீட்டில். அண்ணன் கலியாணம் கட்டவில்லை. தங்கச்சி புருசனை இழந்தவள். அவளுடைய புருசன் செத்தது என்னால்தான் என்பது எங்கள் குடும்பத்தின் முடிவு. அந்த முடிவை எடுத்துக் கொடுத்தவர் அண்ணன்.

நடந்தது இதுதான். அண்ணன் இளவயதில் மன்னாரில் வள்ளம் கட்டுகிற ஒரு வாடியில் வேலை பழகியவர். இங்கே வந்து கிழமை நாட்களில் பாண் சுடுகிற தொழிற்சாலையில் நின்றார். சனி, ஞாயிறில் வீட்டுக் கராஜில் வள்ளம் கட்டத் தொடங்கினார். ஊரில் கட்டிய அதே ஒடுங்கிய வள்ளம்தான், பலகைக்குப் பதில் பைபர். மூக்குப் பகுதியைப் பூசும்போது, குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலையில் ஒரு சிறு சிலுவை முடைந்து, அதையும் பைபருக்குள் வைத்துப் பூசிவிடுவார். வெளியிலிருந்து பார்த்தால் மண்ணிறமாகத் தெரியும். அவருடைய வள்ளத்தை அதைக்கொண்டு எங்கேயும் அடையாளம் பிடிக்கலாம்.

முதல் வள்ளத்தை வெஸ்டர்ன்போர்ட் குடாவில் இறக்கினோம். நானும் தங்கச்சியின் புருசனான மச்சானும் ஏறினோம். கட்டினவன் கரையில் நின்றுதான் வள்ளத்தைப் பார்க்கவேண்டும் என்று அண்ணன் கரையில் நின்றார். லைஃப் ஜாக்கெட் இரண்டையும் நாங்கள் மெத்தை மாதிரிக் கீழே போட்டுக் குந்தியிருந்தோம். எங்களுக்கு இருந்த புத்தி அவ்வளவுதான். கொஞ்சத் தூரம் போனதும் நான் எழும்பித் தூண்டில் எறிந்தேன். வள்ளம் ஒரே புரட்டாகப் புரண்டது. எனக்கு அதன் அடிப்பக்கம் கையில் அகப்பட்டது. மச்சானுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன் சொன்னார், "வள்ளத்தில ஒரு பிழையும் இல்லை. இவன் எழும்பினபடியால வந்த வினை." எங்கள் கரையில் வள்ளத்தில் எழும்பி நிற்காமல் ஆர் வலை எறிந்தது என்று கேட்டேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. தங்கச்சி என் கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, "இனி என்ர வாசலுக்கு வராதேங்கோ," என்றாள். சாப்பாடு பாதியில் நின்றது.

நான் சிட்னிக்கு வந்துவிட்டேன். அண்ணன் பிறகும் ஆறு வள்ளம் கட்டி விற்றார். முதல் வள்ளத்தில் ஆள் செத்திருக்க அடுத்ததை ஆர் வாங்குவான் என்று நீங்கள் கேட்கலாம். பிழை வள்ளத்தில் இல்லை, என்னில்தான் என்றபடியால் வாங்கினார்கள். என் பெயர் நாறினால்தான் அவருடைய வள்ளம் விலைப்படும். அதை நினைத்து நினைத்து எனக்கு வயிறு எரிந்த வருசங்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், என் பிழைதானோ என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. ஒன்றையே இத்தனை வருசம் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் வரும்.

ஆகவே மெல்பேர்னுக்கு விமானம் ஏறும்போது எனக்கு ஒரே ஒரு ஆசை. சாகப்போகிற மனுசன் கூப்பிடுகிறார், தங்கச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அவன்ர பிழை இல்லை," என்று ஒரு வசனம் சொல்லப்போகிறார். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

அண்ணன் கட்டிலில் பாதியாகக் கிடந்தார். கண் மஞ்சள். தங்கச்சி கதிரையை என் பக்கம் காலால் தள்ளிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். அவர் தலையணைக்குக் கீழிருந்து ஒரு கொப்பியை எடுத்துத் தந்தார். ஆறு பெயர், ஆறு விலாசம்.

"என்ர வள்ளங்கள் இப்ப எங்கை, எப்பிடிக் கிடக்கெண்டு பார்த்துச் சொல்லு. மற்றவங்களைக் கேட்டால் முகத்துக்காக நல்லதுதான் சொல்லுவாங்கள். நீ சொல்லமாட்டாய்."

"இதுக்கோ என்னைக் கூப்பிட்டனீங்கள்?"

"ஓம். வேற என்னத்துக்கு?"

கொப்பியை அவருடைய முகத்தில் எறியவேண்டும் போல இருந்தது. எறியவில்லை. மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தேன். அந்த ஆறில் ஒன்றாவது புரண்டிருக்காதா என்று பார்க்க எனக்கும் ஆசை வந்துவிட்டது. அது கெட்ட ஆசைதான், தெரியும்.

முதல் விலாசம் கிரான்பர்னிலேயே, நாலு தெரு தள்ளி. இளைப்பாறிய பஸ் சாரதி ஒருவர். வள்ளம் பின்வளவில் கிடந்தது. உள்ளே மண் நிரப்பிப் பூசணி போட்டிருந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, பூசணி நன்றாகக் காய்த்திருந்தது. இலையை விலக்கிப் பார்த்தேன், மூக்கில் ஓலைச் சிலுவை. "அருமையான வள்ளம் தம்பி, உங்கட அண்ணையின்ர கைக்கு ஒருத்தரும் கிட்ட நிக்கேலாது," என்றார். அவருடைய மனைவி அந்தப் பக்கம் திரும்பி, "ஒருநாள்தான் இறக்கினவர். சரிச்சு ஆளை ஊத்திவிட்டிட்டுது," என்றார். பூசணிப் பாத்தியைச் சுற்றிச் சின்னச் சின்னச் சீமெந்துக் கட்டிகள் வரிசையாகப் பதித்திருந்தன. எல்லாம் ஒரே அளவு. நல்ல வேலையாயிருக்கே என்று மட்டும் நினைத்தேன்.

அடுத்தது சிட்னியில், கிரவீனிலேயே, என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். இத்தனை வருசம் எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, எது வந்தாலும் வள்ளத்தைக் கராஜுக்கு முன் இழுத்துவந்து ஐஸ் நிரப்பிப் பியரும் சோடாவும் போடுவார்களாம். மற்றபடி ஆறு, கடல் என்று ஒன்றையும் அது பார்த்ததில்லை. ஒருமுறை பார்த்ததாம், கவிழ்ந்ததாம், அதோடு சரி. "உங்கட அண்ணை மெல்பேர்னில இருந்து வந்தால் மட்டும் உள்ளுக்குத் தள்ளித் துணியால மூடிவிடுவம் அங்கிள்," என்று அந்த வீட்டு மருமகள் சிரித்தாள்.

பிளாக்டவுன்காரரின் வள்ளம் கோயிலுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. திருநாளில் லொறி ஒன்றில் ஏற்றி, அதற்குள் மாதாவின் சுருவத்தை வைத்து ஊர்வலம் போவார்கள். லொறியில் அது அசையாமல் நின்றதாம். நாலாவதை வாங்கியவர் இரண்டு முறை கவிழ்ந்தபின் இணையத்தில் விற்கப் போட்டிருந்தார். விளம்பரத்தில், பெரிய பூச்சட்டியாகவும் பாவிக்கலாம் என்று எழுதியிருந்தது. ஐந்தாவதைக் கவுன்சில் குப்பைக்காரர்கள் தெருவோரத்திலிருந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

எல்லாரையும் நான் ஒரே கேள்வி கேட்டேன், ஆருக்கும் ஏதும் நடந்ததா என்று. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. நனைந்தார்கள், ஏசினார்கள், வீட்டுக்கு வந்தார்கள். அண்ணனிடம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கோயிலில் காணும்போதெல்லாம் நல்ல வள்ளம் அண்ணை, நல்ல வள்ளம் அண்ணை என்று முதுகில் தட்டியிருக்கிறார்கள்.

ஆறாவதை வாங்கியவர் தூத்துக்குடிக்காரர். ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் இருக்கிறார். என்னை வள்ளத்தில் ஏறச் சொன்னார். ஏறினேன். எழும்பி நில்லுங்கள் என்றார். நின்றேன். வள்ளம் அசையவில்லை. அவர் தரைப்பலகையைக் கழற்றிக் காட்டினார். அடியில், வரிசையாக, ஒரே அளவான சீமெந்துக் கட்டிகள். பூசணிப் பாத்தி ஞாபகம் வந்தது.

"இத எடுத்துடாதீங்கன்னு உங்க அண்ணன் எங்கிட்ட சத்தியமே வாங்கினார் சார்," என்றார் அவர். "மத்தவங்க எல்லாம் ட்ரெயிலர்ல ஏத்த கனமா இருக்குன்னு எடுத்துப் போட்டுட்டாங்க போல."

"ஏன் வைச்சவராம்?"

"உங்க ஊர்ல வலை, ஐஸ், ஆளுன்னு எப்பவும் பாரம் இருக்கும்ல? வெறும் வள்ளம்னா மீன்காரங்களே மணல் மூட்டை போட்டுக்குவாங்க. அது கட்டுறவரோட வேலை இல்ல. அதனால மொத போட்டுக்கு அவருக்கு அது தோணவே இல்ல. இங்க ரெண்டு பேரு, ஒரு தூண்டில். நிக்குமா? யாரோ சொந்தக்காரர் தவறிட்டாராமே. அவரு தவறி ஒரு வாரத்துலயே எனக்குப் புரிஞ்சிடுச்சுன்னு சொல்லி, இதோ இந்த எடத்துல ஒக்காந்து அழுதாரு சார்."

ஒரு வாரத்தில். அப்படியென்றால் முப்பத்தோராம் நாள் சோற்றுக்கு முன்னால் என்னைக் காட்டிச் சொல்லும்போது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னார். முன்பின் தெரியாத ஒரு மனுசனிடம் அழுதவர், கூடப்பிறந்தவளிடம் வாய் திறக்கவில்லை. எனக்கு அந்த வள்ளத்தை அப்படியே அடித்து நொறுக்கவேண்டும் போல இருந்தது. தூத்துக்குடிக்காரர் பாவம், ஒன்றும் தெரியாமல், தான் எழும்பி நின்று வீச்சு வலை எறிவதை என் போனில் வீடியோ எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

அடுத்த கிழமை திரும்பவும் கிரான்பர்ன். மத்தியானம். தங்கச்சி குசினியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கொப்பியைப் பார்த்து வாசித்தேன். பூசணியைச் சொன்னேன், எத்தனை காய் என்றும் சொன்னேன். பியர் போடுவதைச் சொன்னேன், அவர் போனால் துணியால் மூடுவதையும் சொன்னேன். பூச்சட்டியை இரண்டு முறை சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எனக்கு நன்றாக இருந்தது.

நாலு வள்ளம் முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"அதை விடு. ஆருக்கும் ஏதும் நடந்ததோ? ஆரும் செத்தவையோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவ்வளவு வருசமும் அவரைத் தின்றது இந்தக் கேள்விதான். கட்டிகளைக் கழற்றுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். மற்ற இரண்டு வள்ளத்தின் கதையும் என்னிடம் இருந்தது. வீடியோ சட்டைப் பையில் இருந்தது.

"சீமெந்துக் கட்டியை நானும் பாத்தனான்," என்றேன். "முதல் அவளைக் கூப்பிட்டு அவளுக்குச் சொல்லுங்கோ. பிறகு நான் சொல்லுறன்."

அவர் குசினிப் பக்கம் பார்த்தார். கரண்டிச் சத்தம் கேட்டது. பார்த்தார், பார்த்தார், பிறகு மெல்லிய குரலில், "அவள்தானடா என்னைப் பாக்கிறாள்," என்றார்.

சொன்னால் கஞ்சி கொடுக்க ஆள் இருக்காது என்ற பயம். அந்த ஒரு வாய்க் கஞ்சிக்கு என்னுடைய பத்தொன்பது வருசம்.

"அப்ப எனக்கும் தெரியாது," என்றேன். "இன்னும் ரெண்டு வள்ளம் பாக்கக் கிடக்கு. போயிட்டு வாறன்."

அவர் என் சட்டை நுனியைப் பிடித்தார். பிடியில் பலமில்லை. எடுத்துவிட்டேன்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் தங்கச்சி போன் எடுத்தாள். "அந்த ரெண்டு வள்ளம் கிடைச்சுதோ எண்டு கேக்கிறார்." தேடுறன் என்றேன். அடுத்த நாளும் தேடுறன் என்றேன். மூன்றாம் நாள் பின்னால் அவருடைய முனகல் எனக்குக் கேட்டது. தேடுறன் என்றேன். ஐந்தாம் நாள் அவள் எடுத்தபோது கேட்க ஆள் இல்லை.

செத்தவீட்டில் பூசணிக்காரர் வந்தார், ஐஸ் போட்டவர்கள் வந்தார்கள், எல்லோரும் நல்ல வள்ளக்காரன் என்று அழுதார்கள். எல்லாம் முடிந்து சனம் போனபின் தங்கச்சி என் முன்னால் வந்து நின்றாள்.

"கடைசி மூச்சு வரைக்கும் அந்த ரெண்டு வள்ளத்தைத்தான் கேட்டவர். கிடைச்சுதோ?"

"முந்தநாள்தான் கிடைச்சது," என்றேன். "ஒண்டு பழுதாப்போச்சு. மற்றது ஓடுது."

வீடியோவைப் போட்டுக் கையில் கொடுத்தேன். மேலே, அண்ணன் உயிரோடிருந்த ஒரு நாளின் திகதி இருந்தது. அவள் கண்ணாடி போட்டிருக்கவில்லை. வள்ளம் தண்ணீரில் நேராக நின்றது, தூத்துக்குடிக்காரர் எழும்பி நின்று வலை எறிந்தார். அவள் இரண்டு முறை பார்த்தாள். அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை.

"கொஞ்சம் முந்தி வந்திருந்தால் பாத்திருப்பார், பாவம்," என்று கண்ணைத் துடைத்தாள். "அவருக்காண்டி எவ்வளவு அலைஞ்சிருப்பியள். நான் உங்களை என்னென்னவோ நினைச்சிட்டன். இருங்கோ சின்னண்ணை, தேத்தண்ணி கொண்டுவாறன்."

நான் அண்ணனின் கதிரையில் இருந்தேன். அவள் கொண்டுவந்தாள். சீனி அளவாகப் போட்டிருந்தாள், மறக்கவில்லை. குடித்தேன்.