கஸ்தூரியம்மாளின் பதினோரு நாள்

கஸ்தூரியம்மாள் புத்தகயாவுக்குப் போகிறாள் என்ற செய்தி எங்கள் குப்பத்தில் பரவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பழவேற்காடு ஏரியில் இறால் தடவிப் பிழைக்கும் பெண்களில் சென்னையைத் தாண்டிப் போனவர்களே குறைவு. இவளோ பீகாருக்குப் போகிறாள். துணைக்கு, கூடவே இறால் தடவும் என்னையும் சேர்த்துக்கொண்டாள்.

"நீ பேச மாட்ட. கூட இருந்தா எனக்குத் தலைவலி வராது," என்றாள்.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. பன்னிரண்டு வயதில் தண்ணீரில் இறங்கியவள். இடுப்பளவு ஏரியில் உட்கார்ந்து, சேற்றைக் காலாலும் கையாலும் தடவி, அகப்படும் இறாலைப் பறிக்குள் போட வேண்டும். பறி என்பது பனையோலையில் பின்னிய பை; அதைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் வேலை செய்வோம். இதில் கண்ணுக்கு வேலையே இல்லை. இறால் துள்ளுவதற்கு முன் கை அங்கே போயிருக்க வேண்டும். கஸ்தூரியக்காவின் கை போயிருக்கும். நாங்கள் நான்கு எடுப்பதற்குள் அவள் பத்து எடுத்திருப்பாள். கெளுத்தி முள் குத்திக் குத்தி அவளுடைய வலது கட்டைவிரல் கறுத்துத் தடித்துவிட்டது. புருஷன் போன பிறகு அந்தக் கையை வைத்துத்தான் மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள்.

அந்தக் கல்யாணத்தை நடத்திவைத்தவர் மீஞ்சூர் தங்கவேல் ஐயா. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பௌத்தக் கூட்டம் நடத்துகிறார். புத்தர் படம், அம்பேத்கர் படம், ஒரு விளக்கு, கொஞ்சம் பூ. அவ்வளவுதான் கல்யாணம். யாரும் யாரையும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. அது அவளுக்குப் பிடித்துப்போய், அன்றிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் போனாள்.

ஆனால் பௌத்த உறுதிமொழிகளான ஐந்து சீலங்களையும் எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது, முதல் சீலத்துக்கு மட்டும் வாயை மூடிக்கொள்வாள். எந்த உயிரையும் கொல்லாமல் இருப்பேன் என்பது அது. பக்கத்தில் உட்காரும் எனக்கு மட்டும் இது தெரியும் என்று நினைத்திருந்தேன். புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறு தங்கவேல் ஐயா கேட்டே விட்டார்.

"ஏம்மா, மொத சீலத்த விட்டுடறியே?"

"இன்னிக்கு சொல்லிட்டு நாளைக்குப் பறிய கடிக்கச் சொல்றீங்களா ஐயா?"

"எல்லாருந்தான் சொல்றாங்க."

"எல்லாருந்தான் எங்கிட்ட இறால் வாங்கறாங்க."

கூட்டமே சிரித்தது. ஐயாவும் சிரித்தார். ஆனால் விடவில்லை. "போதி மரத்தடியில பிக்கு சொல்லச் சொல்ல நாம சொல்லணும். அதுக்குத்தாம்மா அவ்ளோ தூரம் போறோம். அங்கயும் வாய மூடிக்கினா, போனது சுற்றுலா."

அந்தச் சொல் அவளைத் தைத்துவிட்டது. சொன்னால் பொய். பொய் பேசாதே என்பது நாலாவது சீலம். சொல்லாவிட்டால் சுற்றுலா. அந்த வாரம் முழுக்கத் தண்ணீரில் இருக்கும்போதும் அவள் முகம் இறுகியே இருந்தது.

வழக்கமாக எங்களிடம் இறால் வாங்கும் அக்தர் பேகம் போன வருஷம் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். பயணம் சொல்லிக்கொள்ளப் போனபோது யோசனைகளை அள்ளி விட்டார்.

"புதுச் செருப்பு வாங்காத, கால கடிச்சிடும். பைல செவப்புத் துணி கட்டு. அங்க எல்லார் பையும் ஒரே மாதிரி இருக்கும். இன்னா கஸ்தூரி, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

கஸ்தூரியக்கா விஷயத்தைச் சொன்னாள்.

"இதுக்கா? நாங்க ஹஜ்ஜுத் துணி, இஹ்ராம் கட்டினா வேட்டையாடக் கூடாது. கட்டினதுலேர்ந்து கழட்டற வரைக்கும் எறும்பக்கூட நசுக்க மாட்டோம். ஊருக்கு வந்து கோழி அறுக்கலியா?"

"மீனும் புடிக்கக் கூடாதா?"

"கடல் மீனுக்கு வெலக்கு உண்டு."

"அப்ப நான் உங்க பஸ்லயே ஏறிக்கறேன்."

"வா, வா. நீ போடற சத்தத்துக்கு ஒட்டகம் ஓடிடும்."

திரும்பி வரும் வழியில் அவள் நடை மாறிவிட்டது. நான் ஓடித்தான் கூட வர முடிந்தது. "விசைப்படகுக்குத் தடைக்காலம் அறுபத்தோரு நாள் போடறாங்க இல்ல? எனக்குப் பதினோரு நாள் போட்டுக்கறேன். போயி வர நாள் பதினொண்ணு. அதுக்கு மட்டும் மொத சீலத்த கேட்டு வாங்கிக்கறேன்டி."

ரயிலில் நாற்பது பேர். கிருஷ்ணா நதி வந்ததும் கதவருகே போய் நின்றுவிட்டாள். "எவ்ளோ தண்ணி. ஒருத்தி எறங்கல பாரு," என்று ஆற்றாமைப்பட்டாள். தங்கவேல் ஐயா நான்கு இடங்களைப் பற்றிச் சொன்னார்: புத்தர் பிறந்த இடம், ஞானம் பெற்ற இடம், முதலில் பேசிய இடம், மறைந்த இடம். நாங்கள் போவது நடு இரண்டுக்கும்.

"பாத்தா இன்னா ஆவும் ஐயா?"

"மனசு அசையணும்னு புத்தரே சொல்லிக்கிறாரு."

"இப்பவே ஆடிக்கினுதான் கீது."

மூன்றாம் நாள் காலை போதி மரத்தடிக்கு வந்தோம். அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. திபெத்துக்காரர்கள் பலகை போட்டு விழுந்து விழுந்து எழுகிறார்கள். பர்மாக்காரர்கள் பாடிக்கொண்டே சுற்றுகிறார்கள். இலங்கைப் பெண்கள் வெள்ளைச் சேலையில் தாமரையோடு வருகிறார்கள். ஒரு இலை விழுந்தால் பத்துக் கை நீள்கிறது. எங்களுக்குச் சீலம் கொடுக்க வந்தவர் தமிழ் தெரிந்த இலங்கைப் பிக்கு. அவர் ஆரம்பிப்பதற்குள் கஸ்தூரியக்கா எழுந்துவிட்டாள்.

"சாமி, நான் இறால் புடிக்கறவ. ஊருக்குப் போனா புடிப்பேன். மொத சீலத்த எனக்குப் பதினோரு நாளைக்கு மட்டும் குடுங்க. அதுக்கு மேல சொன்னா பொய்."

தங்கவேல் ஐயா தலையில் கை வைத்துக்கொண்டார். பிக்கு அவளையே பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எடுக்கிற சீலமே எங்களிட்ட இருக்குது அம்மா. பதினொண்டு பெரிசு. இண்டையிலிருந்து எண்ணுங்கோ. ஒரு நாளும் குறையக் கூடாது."

அவள் சொன்னாள். நாற்பது குரலுக்கு மேலே அவள் குரல் கேட்டது. உட்கார்ந்த பிறகுதான் விரல் விட்டு எண்ணினாள். ரயிலில் கழிந்த இரண்டு நாள் கணக்கில் சேராது.

"அடியே, கடைசி ரெண்டு நாள் ஊர்ல வருதுடி."

அதற்கு முன்னாலேயே சோதனை வந்துவிட்டது. மறுநாள், புத்தருக்குப் பாற்சோறு கொடுத்த சுஜாதையின் ஊரைப் பார்க்க, பிக்கு முன்னால் நடக்க, நிரஞ்சனை ஆற்றைக் கடந்தோம். மழை முடிந்து கணுக்கால், சில இடங்களில் முழங்கால் அளவுதான் தண்ணீர். மணல் மெத்தையாக இருந்தது. எனக்கு முன்னால் நடந்தவள் சட்டென்று நின்றாள். இடது கால் மணலை அழுத்தியது. அந்த நிற்பு எனக்குத் தெரியும். நான் கத்துவதற்குள் அவள் கை போய்விட்டது. மேலே வந்தபோது விரல்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஆற்று இறால். பழக்கத்தில் பல்லைக்கூடக் கடித்திருந்தாள்.

பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. "ஐயோ" என்று அப்படியே மண்டியிட்டு, கையைத் தண்ணீருக்குள் விட்டு விரித்தாள். இறால் நகரவில்லை. உள்ளங்கையில் சாய்ந்து கிடந்தது. பிக்கு திரும்பி வந்தார். நாற்பது பேரும் சுற்றி நின்றோம். பயணத்துக்காக அவள் உடுத்தியிருந்த வெள்ளைச் சேலை மார்பு வரை நனைந்தது. "போ. போயிடு. என் கண்ணு இல்ல," என்று கெஞ்சினாள். மீசை அசைந்தது. வால் ஒரு வெட்டு வெட்டியது. மணல் கலங்கியது. உள்ளங்கை காலி.

"சாமி, கை தானா போயிடுச்சு."

"உயிரோட போச்சா?"

"போச்சு."

"அப்ப நடவுங்கோ."

மீதி ஆற்றை இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு கடந்தாள். எதிரே வந்த தாய்லாந்துக்காரர்கள் அது எங்கள் வழிபாட்டு முறை என்று நினைத்தார்களோ என்னவோ, இரண்டு பேர் அப்படியே செய்தார்கள்.

காசி, சாரநாத் எல்லாம் முடித்து ஊர் வந்து சேர்ந்தோம். அவள் கணக்கில் அது ஒன்பதாம் நாள். இங்கே மழை பெய்து, ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரம் திறந்திருந்தது. வருஷத்தில் சில நாட்களே வரும் இறால் வரத்து. குப்பத்துப் பெண்கள் எல்லோரும் தண்ணீரில் இருந்தார்கள். நானும் மறுநாளே இறங்கிவிட்டேன்.

அவள் கரையில் உட்கார்ந்திருந்தாள். பத்தாம் நாளும் அப்படியே. பதினோராம் நாளும் அப்படியே. எங்கள் பறிகள் கனத்தன. அவளோ தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே எங்கே கூட்டம் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுகிறவள். அவள் உடம்பு அந்தப் பக்கம் சாய்வதும் நிமிர்வதுமாக இருந்தது.

அவளுடைய தம்பி மகள் பூவிழி தண்ணீரில் இருந்து கூப்பிட்டாள். "அத்தே, நீ எறங்க வாணாம். எங்க கீதுன்னு மட்டும் கைய காட்டேன்."

"இன்னிக்கு எனக்கு ஏரியே தெரியாது, போடி."

"கண்ணாலகூட காட்ட மாட்டியா?"

கஸ்தூரியக்கா ஏரிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, ஊர்ப் பக்கத்துச் சாலையைப் பார்க்க ஆரம்பித்தாள். நான்கு பஸ் போயிற்று. திரும்பவே இல்லை.

மறுநாள் விடிந்து நான் கரைக்கு வந்தபோது அவள் ஏற்கெனவே இடுப்பளவுத் தண்ணீரில் இருந்தாள். பறி பல்லில் இருந்ததால் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.