வெல்லத்துக்குத் தெளியாத தலைசுற்றல்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் தோலுக்குச் சாயம் ஸ்ப்ரே அடிக்கும் வேலையில் இருந்தபோது எங்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து வெல்லம். சாயத்தில் கலக்கும் தின்னர் வாடை தலைக்கேறி யாராவது தள்ளாடினால், வெளியே உட்கார வைத்து ஒரு கட்டியை வாயில் திணிப்போம். கால் மணி நேரத்தில் ஆள் தெளிந்துவிடுவான். தெளிய வைத்தது வெளிக்காற்று. அதைக்கூட யோசிக்காத கூட்டம் நாங்கள்.

என் அறையில் தங்கியிருந்தவன் ஒரு திங்கட்கிழமை காலை ஸ்ப்ரே கன்னைப் பிடித்தபடியே சரிந்தான். வாந்தி எடுத்தான். பேச்சு குழறியது. நடக்கச் சொன்னால் காலை அகட்டி, ஓடும் பஸ்ஸில் நடப்பவனைப் போல நடந்தான். நான் வெல்லம் கொடுத்தேன். தெளியவில்லை. இன்னொரு கட்டி கொடுத்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

சூப்பர்வைசர் வந்தார். டிப்ளமா படித்தவர் என்பதை நாளைக்கு நான்கு முறை சொல்பவர்.

"ராத்திரி ஊத்தினது இன்னும் எறங்கலயா?"

"அவன் குடிக்க மாட்டான் சார்."

"நிக்க முடியல, பேச முடியல, வாந்தி வேற. இன்னா, முழுகாம இருக்கானா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். அதோடு விடாமல், மாதனூரில் இருந்த அவன் பெண்டாட்டிக்கே போன் போட்டு, "உன் புருஷன் குடிச்சிட்டு வந்திருக்கான்" என்று சொல்லிவிட்டுத்தான் அந்த மனிதர் டீ குடிக்கப் போனார்.

மறுநாள் காலை அவள் வந்தாள். ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறவள். அறையில் படுத்திருந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"குடிச்ச ஆளு மறுநாள் சொம்பு சொம்பா தண்ணி கேக்கும்ணா. இது குடுத்தாலும் முழுங்கல. நீ வெல்லமா குடுத்த? உன் மூஞ்சி."

ஆட்டோ பிடித்து வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒரு இளம் டாக்டரம்மா தன் விரலையும், பிறகு அவன் மூக்கையும் தொடச் சொன்னார். அவன் விரல் நடுங்கிக்கொண்டே போய்க் கண்ணைக் குத்தப் பார்த்தது. ஸ்கேன் எடுத்துப் படத்தைக் காட்டினார்.

"பெருமூளை நல்லாத்தான் இருக்கு. பின்னால, கீழே இருக்கிற சிறுமூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. அதனால வீங்குது. அதுக்கு முன்பக்கம் ஒட்டினாப்பல மூளைத்தண்டு இருக்கு. மூச்சு, இதயத்துடிப்பு, முழுங்கிறது எல்லாம் அதைச் சார்ந்துதான். வீக்கம் அதை அழுத்தினா மூச்சு நின்னுடும். இன்னைக்கே பின்மண்டையைத் திறக்கணும்."

எனக்கு அந்தப் படம் புதிதல்ல. பேரணாம்பட்டுக் கறிக்கடை ஒன்றில் இரண்டு வருஷம் ஆட்டுத்தலை பிளந்திருக்கிறேன். முன்னால் இரண்டு பெரிய உருண்டைகள். பின்னால் எலும்புக் குழிக்குள், நெருக்கமாக மடித்த இலைகள் போலக் கோடு கோடாக ஒரு சின்ன உருண்டை. அடியில் கழுத்துக்குள் இறங்கும் வெள்ளைத் தண்டு. பேஜா என்று கேட்டு மூளை வாங்க வருபவர்கள் பெரிய உருண்டைகளைத்தான் பார்ப்பார்கள். சின்னது கிழிந்தால் நாய்க்குப் போடுவோம். பள்ளிக்கூடத்தில் அந்தத் தண்டின் அடிப்பகுதிக்கு முகுளம் என்று பெயர் எழுதினால் ஒரு மார்க். அது நின்றால் ஆள் நின்றுவிடுவான் என்று வாத்தியார் புரியும்படி சொன்னதில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. பத்தாம் வகுப்பின் பாதியில் நான் கிளம்பியதில் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

கையெழுத்துப் போடும் தாளைப் பிடித்துக்கொண்டு அவள் வராந்தாவில் நின்றாள்.

"மூளையில கத்தி வெச்சா என்னை அடையாளம் தெரியுமாண்ணா?"

என் முஷ்டியை அவள் பின்மண்டைக்கு நேராகக் காட்டினேன். "இதான் சிறுமூளை. உன்னை ஞாபகம் வெச்சிருக்கிறது மேல, பெருசுல. அதைத் தொட மாட்டாங்க. இது நடக்கறப்ப, கை நீட்டறப்ப தடுமாறாம பார்த்துக்கும். இந்தக் கட்டைவிரல்தான் தண்டு. முஷ்டி வீங்கி இதை நசுக்குது."

"உனக்கு இதெல்லாம் யார் சொன்னா?"

"ஆட்டுத்தலை வெட்டியிருக்கேன்."

"மூளையை எடுக்கறப்ப கிழிச்சிருக்கியா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "தினம்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அவங்க உன்னை மாதிரி இருக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். என்னைப் பற்றி யாரும் அவ்வளவு சரியாகக் கணித்ததில்லை.

அவன் பிழைத்தான். ஐந்தாம் நாள் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஸ்பூன் மட்டும் வாய்க்குப் போகாமல் காதுப் பக்கம் போயிற்று. பத்தாம் நாள் ஆப்பிள் பையோடு சூப்பர்வைசர் வந்தார். ரத்தக்குழாய் அடைப்பு என்று டாக்டரம்மா அவரிடமே விளக்கினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய சூப்பர்வைசர், டாக்டரம்மா போனதும் கட்டிலருகே குனிந்தார்.

"இனிமேலாவது அந்தக் கருமத்தை விட்டுடுப்பா."

அவன் அந்தப் பையிலிருந்து ஒரு ஆப்பிளைத் தடவி எடுத்து, குறிபார்த்து, அவர் நெற்றிக்கு எறிந்தான். அது நாலடி தள்ளி, என் பக்கத்துச் சுவரில் பட்டுத் தெறித்தது.

"பாத்தியா, போதை இன்னும் தெளியல" என்றார் சூப்பர்வைசர்.

நான் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து அவன் கையில் வைத்தேன்.