பட்டியலில் அடித்த பெயர்

யுத்த காலம். சிதம்பரத்தில் பட்டப்படிப்பை முடித்த கையோடு, கடலூர் பழைய நகரத்து நெல் மண்டி ஒன்றில் கடிதங்கள் எழுதும் வேலையில் சேர்ந்தேன். அரிசி ஆலைகள், சாக்கு வியாபாரிகள், வெளியூர்க் கொள்முதல்காரர்கள் என்று பதினாறு நிறுவனங்களோடு எங்கள் மண்டிக்குத் தொடர்பு இருந்தது. அவர்களில் எவரும் மனம் கோணாதபடி எழுதுவது என் பொறுப்பு.

அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வரும் ஆண்டிலும் யாரோடு தொழில் தொடருமோ அவர்களுக்கு மட்டும், சித்திரை பிறப்பதற்கு முன்பே, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கடிதம் போகும். வேண்டாதவருக்குப் போகாது. சண்டை இல்லை, விளக்கம் இல்லை. மற்ற மண்டிக்காரர்கள் ‘அவருக்கு அனுப்பினீர்களா?’ என்று விசாரிப்பார்கள். இல்லையென்றால் அவர்களும் நிறுத்திவிடுவார்கள். சில நாட்களிலேயே ஒரு நிறுவனம் சத்தமின்றிப் படுத்துவிடும். இதற்கு நாகரிகம் என்று பெயர்.

இரண்டாம் ஆண்டு, நான் நீட்டிய பட்டியலில் முதலாளி ஒரு பெயரை அடித்தார். சிதம்பரத்துச் சிறிய அரிசி ஆலை. அதன் சொந்தக்காரரும் முதலாளியும் உறவினர் அல்லர். ஆனாலும் நெடுநாள் பழக்கத்தில் ஒருவரையொருவர் மச்சான் என்றே அழைப்பார்கள்.

“என்ன காரணம் முதலாளி?”

“இன்ஜினுக்கு எண்ணெ கெடைக்கிறதே குதிரைக்கொம்பா இருக்கு. நம்ம மூட்டை அங்க காத்துக் கெடக்குது. அவுரு என்னடான்னா, குமராட்சிப் பக்கத்துலேருந்து கூடையில கூலி நெல்லு தூக்கிட்டு வர்ற பொம்பளைங்களுக்கு மொதல்ல அரைச்சிக் குடுக்குறாரு.”

“அதை எழுதிக் கேட்டுடலாமே?”

“பி.ஏ. படிச்சவரே, இதெல்லாம் எழுதுற சமாசாரமா?”

வயல் வேலைக்குக் கூலியாக அளந்த ஒரு கூடை நெல்லுக்காகப் பெரிய ஆலைகள் இன்ஜினை ஓட்டுவதில்லை. இந்த ஆலை நின்றால், நாள் முழுவதும் நடவு நட்ட கைகளாலேயே அப்பெண்கள் உலக்கையும் பிடிக்க வேண்டும். யாரோடு தொழில் செய்வது என்பது முதலாளியின் உரிமை. அதை நான் மறுக்கவில்லை. காரணத்தை மறைக்கவும் அவருக்கு உரிமை உண்டா என்பதே என் கேள்வி.

மறுநாள் காலை அவர் முன் இரண்டு கடிதங்களை வைத்தேன். ஒன்றில் மஞ்சள் இருந்தது. மற்றதில், ‘தாங்கள் கூலி நெல்லை முதலில் அரைப்பதால் இனித் தங்களோடு எங்களுக்குத் தொழில் இல்லை’ என்ற ஒரே வாக்கியம்.

“ஏதாவது ஒண்ணுல கையெழுத்துப் போடுங்க முதலாளி.”

இரண்டாவதைப் படித்ததும் அவர் முகம் சிவந்தது. “இது கலெக்டர் ஆபீசுக்குப் போனா என்னாவும் தெரியுமா? ஊரே காறித் துப்பும்யா!”

“அப்ப மொதல் கடுதாசியில போடுங்க.”

“எனக்கே உத்தரவா? ரெண்டுலயும் போட மாட்டேன். நீ நடையக் கட்டு.”

கட்டினேன். அன்று மதியமே சிதம்பரத்துக்கு ரயிலேறினேன். சம்பளம் வாங்கிய இடத்தின் ரகசியத்தை வெளியிடுவது துரோகமல்லவா என்ற உறுத்தல் வழியெல்லாம் இருந்தது. பரங்கிப்பேட்டை தாண்டியும் அது தீரவில்லை. தீராமலேயே போய்ச் சொன்னேன்.

ஆலைக்காரர் கையில் கிரீஸோடு கேட்டார்: “கூடைக்காரிங்கள நிறுத்திட்டா கடுதாசி வருமா தம்பி?”

பொய் சொல்லியிருக்கலாம். “வரும் ஐயா” என்றேன்.

களத்தில் பெண்கள் கூடைகளோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் நெடுநேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்” என்றார். பிறகு, “அந்தக் காரணத்த அவுரு வாயால சொல்லட்டும். நேர்லயே கேக்குறேன்” என்றார்.

வருடப் பிறப்பன்று மண்டியில் தெருவே கூடியிருந்தது. சந்தனமும் பானகமும் கை மாறிக்கொண்டிருந்தன. ஆலைக்காரர் நேராக உள்ளே போனார். நான் அவர் பின்னால் நின்றேன்.

“மச்சான், எனக்குக் கடுதாசி வரல. கூலி நெல்லு அரைக்கிறேனே, அதுதான் காரணமா? ஆமான்னா ஆமான்னு இவுங்க முன்னால சொல்லிடுங்க.”

அந்த மண்டியில் அதுவரை எவரும் கேட்காத கேள்வி. சந்தனக் கிண்ணம் பாதி வழியில் நின்றது.

“கேக்குறாருல்ல, சொல்லுங்களேன்” என்றார் பக்கத்து மண்டிக்காரர்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை.

“தபால்ல எங்கனா தவறியிருக்கும் மச்சான்.”

“அப்ப கையோட இன்னொண்ணு குடுங்க, வாங்கிட்டுப் போறேன்.”

“எழுதுற ஆளத்தான் வெரட்டிட்டாரே, இனிமே அவுரே எழுதணும்!” என்று பக்கத்து மண்டிக்காரர் சிரித்தார். முதலாளி தாமே எழுதி, தாமே மஞ்சள் தடவி, எல்லோர் கண்ணெதிரிலும் நீட்டினார். ஆலைக்காரர் அதைப் பிரித்துப் படித்துப் பார்த்த பிறகே மடித்து வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு முதலாளியின் மண்டியிலிருந்து அவருக்கு மூட்டைகள் குறைந்தன; மற்ற மண்டிகள் நிறுத்தவில்லை. கூடைகளும் நிற்கவில்லை. அந்தத் தெருவில் எனக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. நான் நன்றி கெட்டவன் என்று முதலாளி போகிற இடமெல்லாம் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். சொல்லட்டும். அதையாவது வாய்விட்டுச் சொல்கிறார்.