பத்தில் நின்ற டிரெபிள்

வல்லக்கோட்டை டில்லிபாபுவுக்கு வயது நாற்பத்திரண்டு. அதில் பதினேழு வருஷத்தை ஒரகடத்து பிரஸ் ஷாப் ஒன்று தின்றுவிட்டது. தகட்டை வைத்தால் கார் கதவாக அடித்துத் தள்ளுகிற மெஷின். அடிக்கிற அடியில் நிற்கிற தரை அதிரும். காதில் அடைத்துக்கொள்ளக் கம்பெனி பஞ்சு கொடுக்கத்தான் கொடுத்தது. ஆனால் அச்சில் கீறல் விழுந்தால் மெஷின் சத்தம் லேசாக மாறும், அதை முதலில் கண்டுபிடிக்கிறவன் டில்லி. "நீ இருக்க ஷிப்டுல எனக்கு ஒரு கவலையும் இல்லடே. உன் காது ஒண்ணு போதும்" என்று சூப்பர்வைசர் இசக்கியப்பன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். போதாதா நம்ம ஆளுக்கு? அன்றிலிருந்து பஞ்சு சட்டைப் பையிலேயே கிடந்தது. யாரோ முதுகில் தட்டிக்கொடுத்தார் என்று காதைத் தூக்கிக் கொடுத்தவனை என்னவென்று திட்டுவது!

இருபது வயதில் அவன் கோயில் திருவிழாக்களில் கிடார் வாசித்தவன். கல்யாணம், குழந்தை, ஷிப்ட் என்று ஆனதும் கிடார் பரண் ஏறியது. போன வருஷம்தான் அதை இறக்கித் துடைத்து, கூடவே ஓர் ஆம்ப் மாடலரும் வாங்கினான். டிபன் டப்பா அளவுப் பெட்டி. மேடையில் இரண்டு பேர் தூக்கி வைக்கிற பெரிய பெரிய ஆம்ப்ளிஃபயர்களின் சத்தமெல்லாம் அதற்குள் இருக்கிறது. கிடார் வயரை ஒரு பக்கம் சொருகி, ஹெட்போனை மறுபக்கம் மாட்டி, லேப்டாப்பில் இணைத்தால் வீட்டிலேயே ரெக்கார்டிங். சுவருக்கு அந்தப் பக்கம் நைட் ஷிப்ட் முடித்த பையன்கள் பகலெல்லாம் தூங்குகிற லைன் வீடு அது. வெளியே ஒரு சத்தம் வராது. உள்ளே அவன் ராஜா.

அவனோடு அந்தக் காலத்தில் கீபோர்டு வாசித்த ஜோயல் இப்போது தண்டலத்தில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருக்கிறான். ஆடிக் கிருத்திகைக்கு ஒரு முருகன் பாட்டு செய்துகொண்டிருந்தவன், "மச்சான், நடுவுல முப்பது செகண்டு தனியா கிடார் வருது, அந்த லீட் நீதான். பேரும் போடுறேன்" என்றான். டில்லிக்குத் தலைகால் புரியவில்லை. பதினேழு வருஷமாகப் பஞ்ச் கார்டில் மட்டும் இருந்த பெயர் ஒரு பாட்டில் வரப்போகிறது! அந்த முப்பது செகண்டுக்காக ஒரு மாசத்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டினான்.

ஒரே ஒரு குறை. சத்தம் கம்பளி போர்த்தினது போல அமுங்கிக் கேட்டது. மேல் சத்தத்தைக் கூட்டுகிற டிரெபிள் குமிழை ஏழுக்கு ஏற்றினான். போதவில்லை. எட்டு. ஒன்பது. பத்துக்கு மேல் அந்தக் குமிழ் போகாது. பத்தில் வைத்ததும்தான் அவனுக்குக் கொஞ்சம் தெளிந்தது. 'ஆகா, இதுதான்டா டோன்' என்று அனுப்பிவிட்டான்.

"மச்சான், கண்ணாடிய ஆணியால கீர்ற மாதிரி கீது. கொஞ்சம் கொறச்சு அனுப்பு" என்றான் ஜோயல்.

டில்லி மறுபடி அனுப்பினான். மறுபடியும் அதே பதில். மூன்றாம் முறை அவனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "உனுக்குப் பொறாமடா! அப்பவே கைதட்டல் எனுக்குத்தான், உனுக்கில்ல!" என்று போனைத் துண்டித்தான். அதோடு விட்டானா? மகள் தென்றலைக் கூப்பிட்டு, "நீயே கேட்டுச் சொல்லும்மா" என்று ஹெட்போனை மாட்டிவிட்டான்.

அவள் ஒரு நொடியில் பிடுங்கி எறிந்தாள். "அப்பா! காது கிழியுதுப்பா! இதையா நீ கேட்டுகினு கீற?"

அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பிளஸ் ஒன் படிக்கிற பெண் சும்மா இருப்பாளா? போனில் கீச்சென்ற சத்தம் எழுப்புகிற ஏதோ ஆப்பைத் திறந்து வைத்தாள். அடுப்படியிலிருந்து அவன் மனைவி சுகப்பிரியா, "சனியனே, நிறுத்துடி அத!" என்று காதைப் பொத்திக்கொண்டு வந்தாள். டில்லி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு ஃபேன் சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"ரெண்டு பேரும் சேந்து என்ன கலாய்க்கிறீங்களா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

அப்படியானால் கம்பெனியில் யாரும் காதைப் பரிசோதிக்கவில்லையா என்று கேட்பீர்கள். பரிசோதித்தார்கள், வருஷா வருஷம். ஒரு வேன் வந்து நிற்கும். ஹெட்போனை மாட்டி, பீப் கேட்டால் பட்டனை அழுத்து என்பார்கள். கேட்காதவனை லைனை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று எல்லாருக்கும் பயம். அதனால் பிரஸ் ஷாப்பில் ஒரு வித்தை உண்டு. பீப்பை அனுப்புகிற டெக்னீசியனின் முழங்கையைப் பார்; அது அசைந்தால் அழுத்து. புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவனுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்ததே நம்ம டில்லிதான். பெருமையாக வேறு சொல்லிக்கொடுப்பான். பதினேழு சீட்டிலும் 'நார்மல்'.

ஸ்ரீபெரும்புதூரில் காது டாக்டரம்மாவிடம் போனான். அங்கே முழங்கை கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கண்ணில் படாமல் இருந்தது. வரைபடத்தில் கோடு பாதி தூரம் நேராக வந்து, அப்புறம் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியது. "மேல் சத்தமெல்லாம் போயிடுச்சு. போனது திரும்பாது" என்றார் அவர்.

நஷ்டஈடு ஏதாவது கிடைக்குமா என்று அந்தச் சீட்டோடு கம்பெனி சேஃப்டி ஆபீசர் முன்னால் நின்றான். அவர் கோபிக்கவே இல்லை. பழைய சீட்டுகளை எடுத்து மேஜையில் பரப்பினார். "இதெல்லாம் நீங்க பட்டன் அழுத்தினதுதானே, டில்லிபாபு? இன்னிக்கு காது கேக்கலன்னு எழுதிக் குடுத்தா, உங்கள லைன்ல வெக்க எனக்கு ரூல் இல்ல. எழுதித் தர்றீங்களா?" என்று வெள்ளைத் தாளையும் பேனாவையும் தள்ளினார். டில்லி பேனாவை மூடி அவர் பக்கமே வைத்துவிட்டு வந்தான். அடுத்த வாரம் அச்சின் சத்தத்தைக் கவனிக்க இசக்கியப்பன் வேறொருவனை நிறுத்தினார்.

மிச்சம் இருந்தது அந்த முப்பது செகண்டுதான். வெட்கத்தை விட்டு ஜோயலுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னான். ஜோயல், "கவலைய வுடு மச்சான். ஆம்ப் போடாத வெறும் கிடாரா அனுப்பு. டோன நான் இங்க வெச்சுக்கறேன்" என்றான். டில்லிக்கு உயிர் திரும்பி வந்தது. டோனுக்குத்தானே காது வேண்டும், விரல் அப்படியேதானே இருக்கிறது! அன்று வாசித்தது போல அவன் ஜென்மத்தில் வாசித்ததில்லை.

கிருத்திகையன்று காலை பாட்டு வந்தது. போன் திரையில் 'கிடார்: டில்லிபாபு' என்று இருந்ததைச் சுகப்பிரியா விரலால் தொட்டுப் பார்த்தாள். லீட் வந்தபோது அவள் கண் கலங்கியது. "ஏங்க, இம்மா நாளா இத வெச்சுகினா சும்மா இருந்தீங்க? தேன் மாதிரி கீதுங்க!" என்றாள். தென்றல் அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

டில்லி நிமிரவில்லை. தான் வாசித்து அனுப்பியதில், இரண்டாவது வரியில் கம்பியின் கீழ்க் கட்டையிலிருந்து விரலை இழுத்துக்கொண்டே மேலே ஏறியிருந்தான். பாட்டில் அந்த இழுப்பு இல்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போலச் சுரங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. கேட்கிற கொஞ்சத்திலேயே தெரிந்துவிட்டது. அது கீபோர்டில் வாசித்த கிடார்.

வாசலுக்குப் போய் ஜோயலை அழைத்தான். "அது நான் இல்லடா."

"டோன் வெக்க டைம் இல்ல மச்சான்... பேரு உன்துதான போட்டுக்கீறேன்." ஜோயல் குரலைத் தாழ்த்தினான். "உனுக்குக் கேக்காதுன்னு நெனச்சேன்டா."

டில்லி உள்ளே வந்தான். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி அக்காவையும் அழைத்து வந்து உட்கார வைத்திருந்தாள் சுகப்பிரியா. "எங்க வூட்டுக்காரரு வாசிச்சதுக்கா" என்று சொல்லிவிட்டு அவனைப் பார்த்தாள். "இன்னொரு தபா போடட்டுங்களா?"

"போடு" என்றான் டில்லி.