நான் எச்சரிக்காத மனிதர்

எண்பத்தேழாம் ஆண்டுக் கோடையில், ரெக்ஸ்டேலில் நான் போய்க்கொண்டிருந்த ஆங்கில வகுப்பிலிருந்து எங்களை ஒருநாள் நடைக்குக் கூட்டிப்போனார்கள். காலையில் ஸ்ரௌவ்வில் பக்கம் ஒரு காடு. பின்னேரம் நகரத்துக்குள் இருந்த, எல்லாரும் பேர் சொல்லும் யப்பானியக் கோயில். நாங்கள் பன்னிரண்டு பேர், எல்லாரும் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக இந்த நாட்டுக்கு வந்தவர்கள்.

பஸ்ஸில் ஏறியதும் முன்சீற்றில் இருந்தவரைக் கண்டேன். சலவை மடிப்புக் குலையாத வெள்ளைச் சேர்ட், தங்க மணிக்கூடு. வழிகாட்டி சொல்வதை எங்களுக்குத் தமிழில் சொல்ல வந்திருந்தார். அவரை எனக்குத் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன் என்னுடைய அகதி விசாரணையிலும் மொழிபெயர்த்தவர் அவர்தான்.

அன்றைக்கு நான், "என்ர அண்ணையை ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போட்டினம்" என்று சொன்னேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி, அண்ணன் ஆமியோடு போய்விட்டான் என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். எனக்கு அப்போது அவ்வளவு ஆங்கிலம் இல்லை. அதிகாரி ஏதோ கேட்டார், நான் தலையாட்டினேன். பிறகு கடிதம் வந்தது. தமையன் இராணுவத்தில் இருக்கிறபடியால் எனக்கு இராணுவத்தால் ஆபத்தில்லையாம். ஒரு லோயரைப் பிடித்து, வழக்கைத் திருப்பி எடுப்பித்து, அந்தப் பிழையை நிரூபிக்க இரண்டு வருடம் போனது. அதுவரை நான் கூப்பிட வழியில்லாமல் என் கணவர் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் கிடந்தார். ஆமியின் சுற்றிவளைப்பு வரும்போதெல்லாம் பின்சுவர் ஏறிக் குதித்தார். அண்ணை திரும்பி வரவேயில்லை.

"தங்கச்சி, உங்களை எங்கேயோ கண்டமாதிரிக் கிடக்கு" என்றார் அவர்.

"கண்டிருப்பியள்" என்று சொல்லிவிட்டுப் பின்னுக்குப் போய் இருந்தேன். பஸ் ஓடின நேரம் முழுக்க அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாக, தையல் பக்டரியில் மெசினுக்கு முன்னால் இருந்து, அந்த மனிதருக்கு என்ன செய்யலாம் என்று எத்தனையோ விதமாக யோசித்திருக்கிறேன். நேரில் கண்டபோது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

காட்டில் எங்களை நடத்திப்போனவர் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண். மரங்கொத்தி துளைத்த மரத்தையும், பீவர் கடித்துச் சாய்த்த மரத்தையும் காட்டினார். தூரத்தில் ஒரு மான் குட்டியோடு நின்றது. எல்லாரும் மூச்சை அடக்கிப் பார்த்தோம். பிறகு பாதையோரம் நிறைய வளர்ந்திருந்த ஒரு செடியைத் தடியால் சுட்டிக்காட்டி, நின்று நிதானமாகப் பேசினார். மூன்று மூன்று இலையாக இருக்கும், தொட்டால் அடுத்த நாள் தோல் கொப்பளிக்கும், தொட்டவர்கள் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். இந்த முறை எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

மொழிபெயர்க்க வந்தவர் யாரோடோ வீட்டு விலை பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றார். திரும்பி, "இஞ்சை கனவகைச் செடியள் இருக்காம்" என்றார். அவ்வளவுதான்.

நான் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னேன். "அன்ரி, உதைத் தொடாதேங்கோ, நஞ்சு." "அண்ணை, பிள்ளையைத் தூக்குங்கோ, கால் படக்கூடாது." பதினொரு பேருக்கும் சொன்னேன். அவருக்குச் சொல்லவில்லை.

நுளம்பு கடித்தது. அவர் கையை நீட்டி அந்தச் செடியிலேயே ஒரு கொத்தை முறித்தார். கழுத்தில் அடித்தார், முகத்துக்கு விசிறினார், சேர்ட் கையை மடித்து முழங்கை வரை தேய்த்தார். நான் மூன்றடி பின்னால் நடந்தேன். வாய்வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கினேன். அது இனித்தது என்று எழுத எனக்குக் கூச்சமில்லை.

கோயிலில் சப்பாத்துக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். இருப்பதற்கு வாங்குகள் போட்ட, மரவாசம் வீசும் மண்டபம். பொன்னிறப் புத்தருக்கு முன்னால் ஒரு சட்டியில் தணல். இளம் யப்பானியக் குரு ஒருவர், இங்கே எதையும் கேட்டு வேண்டுவதில்லை, இறந்துபோன ஒருவரை நினைத்து ஒரு சிட்டிகை வாசனைத்தூளைத் தணலில் போடுங்கள் என்றார்.

"விரும்பினதை வேண்டிக்கொண்டு போடட்டாம்" என்றார் நம்மவர்.

"அவர் அப்பிடிச் சொல்லேல்லை" என்றேன். என் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "ஒண்டும் வேண்ட வேண்டாமாம். செத்தவையை நினைக்கட்டாம்."

அவர் சிரித்தார். "தங்கச்சிக்கு இங்கிலீசு நல்லாத் தெரியும் போலை."

"அண்டைக்குத் தெரியேல்லை. என்ர அண்ணையை ஆமி பிடிச்சுக்கொண்டு போட்டுது எண்டு சொன்னனான். ஆமியோட போட்டார் எண்டு நீங்கள் சொன்னியள்."

அவருக்கு இப்போது என்னை ஞாபகம் வந்தது முகத்தில் தெரிந்தது. கழுத்தைச் சொறிந்துகொண்டு, "எல்லாம் ஒண்டுதானே தங்கச்சி" என்றார்.

மன்னிப்புக் கேட்டிருந்தால், கழுவும் இடத்தைக் காட்டியிருப்பேன். அது பத்தடி தள்ளித்தான் இருந்தது. நான் திரும்பிப் போய், அண்ணையை நினைத்துத் தூளைத் தணலில் போட்டேன்.

அடுத்த வகுப்பில் ஆசிரியை வந்து, மொழிபெயர்த்தவர் முகமும் கையும் வீங்கி, ஒரு கண் திறக்கமுடியாமல் படுத்திருக்கிறார் என்றார். வழிகாட்டி எச்சரித்ததை அவர் உங்களுக்குச் சொல்லவில்லையா என்று கேட்டார்.

"இல்லை" என்றோம் எல்லாரும். அது முழு உண்மை. அதன்பிறகு அந்த வகுப்புக்கு அவரை அவர்கள் கூப்பிடவில்லை.

அடுத்த வருடம் என் கணவர் வந்து சேர்ந்தார். நான் நடந்ததை முழுக்கச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ, "வேலை போன அந்த மனிசனுக்குப் பிள்ளையள் இருக்கோ?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. "எனக்கென்னெண்டு தெரியும்" என்றேன். இன்றுவரை நான் அதை விசாரித்ததில்லை.