குளிர்ந்துபோன நட்சத்திரமும் கடைசி எக்ஸ்டென்ஷனும்

"ஏனுங்க சார், என் நட்சத்திரம் செத்துப் போச்சுங்க."

போனில் கவிதா அழாக்குறையாகச் சொன்னார். ஓமலூர் பக்கம் பள்ளி ஆசிரியை. என்னிடம் பார்ட் டைம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தார். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி எக்ஸ்டென்ஷன் அந்த வாரத்தோடு முடிகிறது. தீசிஸ் போய்ச் சேராவிட்டால் பதிவே ரத்து. இத்தனை வருஷ உழைப்பும் அம்போவென்று போய்விடும்.

மறுநாள் காலையில் ராசிபுரம் பக்கத்திலிருக்கும் எங்கள் கல்லூரிக்கு வந்துவிட்டார். பெரிய நட்சத்திரம் வெடித்த பின் மிஞ்சும் நியூட்ரான் நட்சத்திரம் எப்படிச் சூடு ஆறுகிறது என்று கணக்கிடுவதுதான் அவருடைய ஆய்வு. பிறந்து நெடுங்காலம் வரை அதன் சூட்டில் பெரும்பங்கு நியூட்ரினோ என்ற நுண்துகளாகத்தான் வெளியேறும். நியூட்ரினோ எதிலும் சிக்காது. உருவான கையோடு சூட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடும். வயது ஏற ஏறச் சூடு எவ்வளவு என்று கவிதாவின் கம்ப்யூட்டர் புரோகிராம் போட்ட கோடோ, வானில் அளந்த நட்சத்திரங்களுக்கெல்லாம் வெகு கீழே கிடந்தது.

எங்கள் துறைத்தலைவர் எட்டிப் பார்த்தார். "ஒரு பேக்டர் போட்டுப் பெருக்கி மேல தூக்கி உட்ருங்கம்மா. ஆரு பாக்கப் போறாங்க?"

"அது தப்புங்க சார். பதிவு போனாலும் போகட்டுங்க."

துறைத்தலைவர் மேல் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு, புரோகிராமை வரி வரியாகப் படிக்க உட்கார்ந்தோம்.

நியூட்ரான் புரோட்டானாக மாறும், புரோட்டான் திரும்ப நியூட்ரானாகும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு நியூட்ரினோ கிளம்பும். இது சூடு வெளியேறும் வேக வழி. அந்த இடத்தில் புரோட்டான் போதிய அளவு இருந்தால்தான் திறக்கும். இல்லையென்றால் பக்கத்தில் இன்னொரு துகள் கைகொடுக்க வேண்டும். அது ரொம்ப மெதுவான வழி. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும் முன் கவிதா திரையில் விரலை வைத்தார்.

"புரோட்டான் எவ்வளவுன்னு பாக்கற கண்டிஷனையே காணோமுங்க. நட்சத்திரம் முழுக்க வேக வழி தொறந்து கெடக்குதுங்க. எங்க ஊட்டுக்காரரு கோழிக்குஞ்சு ஷெட்ல சுத்திக் கட்டுன படுதாவ மொத்தமாத் தூக்கி உட்டா என்னாகும்? அத்தனையும் வெறைச்சுப் போயிருமுங்க."

கண்டிஷனைச் சேர்த்து ஓட்டினார். கோடு மேலே ஏறி, அளந்த புள்ளிகளுக்கு நடுவே போனது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். கவிதா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சிரித்தார். தீசிஸ் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது.

வைவாவில் வெளித்தேர்வாளர் முதலில் பிரித்ததே அந்த வரைபடத்தைத்தான். "கோடு எப்படிம்மா இவ்வளவு சரியா வந்துச்சு? எங்கயாச்சும் இழுத்து விட்டீங்களா?"

பேக்டர் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து எனக்கு வியர்த்தது. கவிதா என் பக்கம் திரும்பவேயில்லை.

"இல்லைங்க சார்," என்று எழுந்து சாக்பீஸை எடுத்தார்.

புதிதாகக் கைடாக வருபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: விடை ஒத்துவராவிட்டால் விடையைத் தொடாதீர்கள். சூடு எந்த வழியாகப் போகிறதென்று தேடுங்கள்.