பத்து கஜம் தள்ளி

அரவேணு கால்பந்து மைதானத்தில் ரெஃப்ரியாக நின்ற என் மகள் காயத்ரி விசில் ஊதி ஃப்ரீ கிக் கொடுத்ததும், ஏழெட்டு ஆட்டக்காரர்கள் கத்திக்கொண்டே அவளைச் சூழ்ந்தார்கள். எனக்கு மஞ்சூர் மைதானத்து ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் சின்னப் பெண். தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்த அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் ரெஃப்ரி. அன்று கோலுக்குப் பக்கத்தில் ஃப்ரீ கிக் கொடுத்தார். ஃபவுல் செய்த அணியினர் பந்தை விட்டு நகரவில்லை.

"பத்து கஜம் தள்ளி நில்லுங்க."

"முடியாது, என்ன பண்ணுவே?" என்று ஒருவன் அப்பாவின் சட்டையைப் பிடித்தான். அந்நேரம் பார்த்து மூடுபனி இறங்கி எல்லோரையும் மறைத்தது. ஈரப்புல் வாசனையும் வசவுகளும் மட்டுமே கோட்டுக்கு வெளியே நின்ற அம்மாவிடமும் என்னிடமும் வந்தன. விசில் சத்தமே இல்லை. அப்பாவைக் கொன்றுவிட்டார்கள் என்று நினைத்து அம்மாவின் சால்வைக்குள் முகத்தைப் புதைத்தேன்.

பனி விலகியபோது, அந்த அணியின் கேப்டனே அப்பாவுக்கு முன்னால் கைகளை விரித்து நின்றிருந்தார்.

"ரெஃப்ரி சொன்னா கேக்கோணும். இல்லீன்னா பூட்ஸைக் கழட்டிட்டு ஊட்டுக்குப் போங்கடா!" என்று தன் ஆட்களையே பின்னால் தள்ளினார். அந்த உதையில் கோல் விழுந்து அவர் அணி தோற்றது. ஆனாலும் வந்து அப்பாவுக்குக் கை கொடுத்தார்.

இங்கே காயத்ரிக்கு முன்னால் அப்படி யாரும் வந்து நிற்கவில்லை.

"கேப்டன் மட்டும் பேசுங்க. மத்தவங்க தள்ளிப் போங்க" என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. முணுமுணுத்தபடி ஒவ்வொருவராக விலகினார்கள்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, கோட்டுக்கு வெளிய நில்லுங்க."

மைதானத்துக்குள் பாதி தூரம் ஓடி வந்திருந்தேன்.